மேட்டுப்பாளையத்து மொத்தக் கடையும் குன்னூர் ஈரமும்: எட்டு மாத மளிகைக் கணக்கு

2025 ஜூன் மாதத்திலிருந்து வீட்டு மளிகையை மேட்டுப்பாளையத்தில் ஒரு மொத்தக் கடையில் வாங்குகிறோம். வீடு குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற வழியில், எடப்பள்ளிப் பக்கம். நான், வீட்டுக்காரர், அத்தை, இரண்டு பிள்ளைகள், ஆக ஐந்து பேர் சாப்பிடுகிற வீடு. இந்த எட்டு மாதமாகப் பார்க்கிறவர்கள் எல்லாம் "எவ்வளவு மிச்சமாகுது?" என்று கேட்கிறார்கள், ஒருத்தர்கூட "எது எது வீணாச்சு?" என்று கேட்கவில்லை. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு ஒழுங்காக வரும், அதனால் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கடைப் பெயரைப் போடப் போவதில்லை. நல்லதும் சொல்வேன், குறையும் சொல்வேன், அதுவும் இல்லாமல் அந்தத் தெருவில் அதே மாதிரி கடைகள் வரிசையாக இருக்கின்றன, எல்லாருடைய நடைமுறையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்த யோசனை வீட்டுக்காரருடையது. அவர் காலையில் டீயோடு பேப்பரை எடுத்தால் முதலில் தேடுவது விருதுநகர் மார்க்கெட் நிலவரம். எங்களுக்கும் விருதுநகருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனாலும் துவரம் பருப்பு 100 கிலோ மூட்டை இவ்வளவு, கடலை எண்ணெய் 15 கிலோ டின் இவ்வளவு என்று வாய்விட்டுப் படிப்பார், அப்புறம் நம் ஊர் பாக்கெட் விலையை வைத்து வகுத்துப் பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார். இதை ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். 2025 மே மாத விடுமுறையில் தங்கச்சி வீட்டுக்குக் கோயம்புத்தூர் போய்த் திரும்பும்போது, சரி, அந்தப் பெருமூச்சுக்கு ஒரு முடிவு கட்டுவோம் என்று மேட்டுப்பாளையத்தில் இறங்கினோம்.

கடை உள்ளே போனதும் முதலில் தும்மல். மிளகாய் மூட்டை வாசலிலேயே இருக்கிறது. அடுத்து மல்லி, அதற்குப் பின்னால் பருப்பு வகைகள், வாய் பிரித்த மூட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன அள்ளுகரண்டி. கையில் அள்ளிக் கொடுக்கிறார்கள், கடித்துப் பார்க்கலாம், மோந்து பார்க்கலாம், யாரும் முறைக்கவில்லை. இந்த ஒன்றுக்காகவே அந்தக் கடையை எனக்குப் பிடித்தது. பாக்கெட்டில் வாங்கி வாங்கி, நல்ல உளுந்து எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்திருந்தது. அத்தை நாலு மூட்டையிலும் கையை விட்டுப் பார்த்துவிட்டு மூன்றாவது மூட்டையைக் காட்டினார். கடைத் தம்பி சிரித்துக்கொண்டே, "பெரியம்மாவுக்குத் தெரியுதுங்க, அது நேத்து வந்த சரக்குங்க" என்றார். அத்தைக்கு அன்று முழுக்க அந்தப் பெருமை.

பொருள் எல்லாம் ஐந்து கிலோவுக்குக் கீழே நிறுக்க மாட்டார்கள், சீரகம், கடுகு, மிளகு போன்றவை மட்டும் கால் கிலோ, அரை கிலோவுக்குக் கிடைக்கும், மிளகாயும் மல்லியும் இரண்டு கிலோ. விலை அன்றன்று காலையில் சொல்வதுதான், நேற்றைய விலையைக் காட்டிப் பேச முடியாது. கடன் கிடையாது. பில் போட்டதும் ஜிபேயோ காசோ கொடுத்துவிட வேண்டும்.

அரிசி 26 கிலோ சிப்பம். ஏன் 25 இல்லாமல் 26 என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன், ஒரு கிலோ இலவசம் தருகிறார்களோ என்றுகூட நினைத்தேன். காரணம் வரி. 2022 ஜூலையில், பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசி பருப்புக்கு 25 கிலோ வரைக்கும் 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது, அதற்கு மேற்பட்ட எடைக்கு இல்லை. மில்காரர்கள் ஒரு கிலோவைக் கூட்டிப் போட்டு மூட்டையைத் தைத்துவிட்டார்கள். மூட்டையைப் பிரித்து நம் கண்முன்னால் நிறுத்துப் போடும் சில்லறைப் பருப்புக்கும் அந்த வரி கிடையாது. ஆகவே மொத்தக் கடையில் நமக்கு வருகிற மிச்சத்தில் ஒரு பகுதி கடைக்காரர் விட்டுக்கொடுத்தது என்று நினைக்க வேண்டாம், அது பாக்கெட்டில் நாம் கட்டிக்கொண்டிருந்த வரியும் பிளாஸ்டிக் உறைக்கான காசும்.

இப்போது கணக்கு. ஆகஸ்டில் எடுத்த சரக்கு இது, இரண்டு மாதத்துக்கு. பொன்னி அரிசி இரண்டு சிப்பம்: எங்கள் ஊரில் ஒன்று 1,620, அங்கே 1,470. துவரம் பருப்பு ஐந்து கிலோ: ஊரில் கிலோ 142, அங்கே 118. உளுந்து ஐந்து கிலோ: 140, அங்கே 122. சர்க்கரை பத்து கிலோவில் நாற்பது ரூபாய்தான் வித்தியாசம், அதற்காகத் தூக்கிச் சுமப்பது வெட்டி வேலை. மிளகாய் இரண்டு கிலோவில் 80, மல்லி இரண்டு கிலோவில் 50, சீரகம் கடுகு பொரிகடலை ரவை எல்லாம் சேர்த்து ஒரு 150. பெரிய லாபம் கடலை எண்ணெயில். 15 கிலோ டின் 2,780 ரூபாய். இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும், டின் கிலோவில், பாக்கெட் லிட்டரில். ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம்தான் இருக்கும், ஆகவே 15 கிலோ என்பது ஏறக்குறைய பதினாறரை லிட்டர். லிட்டர் 192 ரூபாய் பாக்கெட்டாக வாங்கியிருந்தால் 3,168 ஆகியிருக்கும். 388 ரூபாய் மிச்சம். (பாக்கெட் வாங்குகிறவர்களும் எடையைப் படித்துப் பார்த்து வாங்குங்கள், பார்க்க ஒரு லிட்டர் மாதிரியே இருக்கும், உள்ளே 850 கிராம் இருக்கிற பாக்கெட்டை நானே ஏமாந்து வாங்கியிருக்கிறேன். கிராமுக்கு எவ்வளவு என்று அலகு விலை அச்சிட்டிருப்பார்கள், கண்ணாடி போட்டுத் தேட வேண்டும்.)

எல்லாம் கூட்டினால் 1,218 ரூபாய். அன்று ராத்திரி வீட்டுக்காரர் விருதுநகர் பக்கத்தைத் திறக்கவே இல்லை, அவ்வளவு திருப்தி.

ஆனால் அரிசியும் எண்ணெயும் தானாக மலை ஏறாதே. முதல் தடவை சொந்தக் காரில் போனோம். போக வர எழுபது கிலோமீட்டர், மலைப் பாதை, பதினான்கு கொண்டை ஊசி வளைவு, பாரம் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது பெட்ரோல் எப்படிக் குடிக்கும் என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். 500 ரூபாய்க்குக் குறையவில்லை. போன இடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, கல்லாறு பக்கம் நிறுத்தி வாங்கிய பழம், எல்லாம் இன்னொரு 400. கையில் நின்றது முந்நூறு ரூபாய், அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. சீசனில் போனால் இன்னும் மோசம், குன்னூர் வழியாக ஏற வேண்டும், கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்று ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள். தங்கச்சி வீட்டு வண்டியில் சரக்கை அனுப்பலாம் என்றால் அது டிஎன் 38, கோயம்புத்தூர்ப் பதிவு, நீலகிரிக்குள் வர இ-பாஸ் எடுக்க வேண்டும். நீலகிரிப் பதிவான எங்கள் டிஎன் 43-க்கு அந்தத் தொல்லை இல்லை.

இதற்கு வழி காட்டியது கடைத் தம்பிதான். நம் மலையிலிருந்து கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு பிக்கப் வண்டிகள் தினமும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகின்றன. காய் இறக்கியதும் காலி வண்டியாகத்தான் மேலே வர வேண்டும். அந்த ரிட்டன் வண்டியில் உருப்படிக்கு நாற்பது ரூபாய் கொடுத்தால் சரக்கை ஏற்றி, நம் ஊர் முக்கில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். நான் திங்கட்கிழமை வாட்சப்பில் லிஸ்ட் அனுப்புவேன், தம்பி விலை போட்டுத் திருப்பி அனுப்புவார், நான் பணம் போட்டுவிடுவேன், புதன்கிழமை மதியத்துக்குள் சரக்கு முக்கில் இருக்கும். நான்கு உருப்படிக்கு 160, ஏற்றுகூலி 40, முக்கிலிருந்து வீட்டுக்கு ஆட்டோ 120. மொத்தம் 320. 1,218-ல் இதைக் கழித்தால் 898. இரண்டு மாதத்துக்கு. அதாவது மாதம் 450 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிலிண்டரின் பாதி விலை. சும்மா கிடைக்கிற காசு என்று சொல்ல மாட்டேன், ஆனால் வேண்டாம் என்று சொல்லுகிற காசும் இல்லை.

இந்த வண்டி ஏற்பாட்டுக்குப் பத்துக்கு ஒன்பது கொடுப்பேன். அந்த ஒரு மார்க் குறைந்தது ஜூலை மாத மழையில் தார்ப்பாய் இல்லாமல் ஏற்றிக்கொண்டு வந்ததற்கு. ரவையும் பொரிகடலையும் நனைந்தன. ஓட்டுநர் அண்ணன் நல்லவர், "அடுத்த தடவ கேபினுக்குள்ளயே வெச்சுத் தாரேனுங்" என்றார், அப்படியே செய்கிறார். ரவை ரவைதான், திரும்ப வரவில்லை.

பிளாஸ்டிக் விஷயமும் முதல் தடவை எங்களுக்கு மறந்துபோயிற்று. கீழே கடையில் மல்லி, சீரகம் எல்லாவற்றையும் கேரி பேக்கில் கட்டிக் கொடுத்தார்கள், நாங்களும் சும்மா வாங்கி வைத்தோம். நீலகிரிக்குள் அது நுழையக் கூடாது என்பது எங்களுக்கே தெரியும், இத்தனை வருஷமாகத் துணிப்பையோடு வாழ்கிறவர்கள்தானே. சோதனைச்சாவடியில் நிறுத்தி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதாயிற்று. சீரகத்தை என் துப்பட்டாவில் முடிந்துகொண்டு வந்தேன், வீட்டுக்கு வந்து இரண்டு தடவை துவைத்தும் அந்த வாசனை போகவில்லை. இப்போது நான்கு மஞ்சப்பையும் பழைய தலையணை உறைகளும் கடையிலேயே கொடுத்து வைத்திருக்கிறேன், சரக்கு அதில்தான் வரும்.

இனி வீணான கதை. மொத்தமாக வாங்கச் சொல்லுகிறவர்கள் எல்லாம் சமவெளியில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்கள். அவர்களுக்குப் பிரச்சினை வண்டு. எங்களுக்கு வண்டு அவ்வளவாக இல்லை, குளிரில் அது பெருகாது, அரிசியில் வண்டு வந்தால்கூட நாலுதான் வரும், நாலும் சோம்பேறியாக நடக்கும். எங்களுக்கு எதிரி ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூரில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பத்து நாள் சேர்ந்தாற்போல் வெயிலே வராது, மேகம் சமையலறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கும், தீப்பெட்டி பற்றாது. காற்றில் ஈரம் முக்கால் பங்கைத் தாண்டிவிட்டால் உப்பு தானாகவே தண்ணீர் விடும், அதனால் ஐந்து கிலோ கல்லுப்பு வாங்கி வைத்தால் நாலு கிலோ உப்பும் ஒரு கிண்ணம் உப்புத் தண்ணீரும் இருக்கும். பீங்கான் ஜாடியில் போட்டால் கொஞ்சம் பரவாயில்லை.

கூடிய வரையில் சொல்கிறேன், எங்கள் அனுபவத்தில் தாங்கியது எது, தாங்காதது எது என்று. பொன்னி அரிசி இரண்டு மாதம் நன்றாகத் தாங்கும், மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால். நாங்கள் முதலில் சுவரை ஒட்டி வைத்தோம், சாக்கின் பின்பக்கம் பச்சையாகிவிட்டது. துவரம் பருப்புக்கு அத்தை விளக்கெண்ணெய் தடவி, டிரம்மில் போட்டு, நடுவில் வசம்புத் துண்டு வைப்பார். மிளகாய் வற்றலை அடுப்படிக்கு மேலே பரணில் வைக்கிறோம். பக்கத்து வீட்டுப் படுக அம்மா அவரைக்கொட்டையை அப்படித்தான் வைத்திருக்கிறார், அவரிடம் பார்த்துக் கற்றுக்கொண்டது. மல்லி, ரவை, கோதுமை எல்லாம் வந்த அன்றே வாணலியில் லேசாக வறுத்து, ஆறவைத்துத்தான் டப்பாவில் போடுகிறேன். அது ஒரு ராத்திரி வேலை, அந்தக் கூலியை நான் கணக்கில் சேர்க்கவில்லை, சேர்த்தால் வீட்டுக்காரருக்குத் தூக்கம் வராது.

நிலக்கடலை மட்டும் தயவுசெய்து மொத்தமாக வாங்காதீர்கள். ஐந்து கிலோ வாங்கினோம், அக்டோபர் கடைசியில் டப்பாவைத் திறந்தால் பருப்பின் மேல் பச்சையும் சாம்பலுமாகப் பூஞ்சை. அத்தை கழுவி வறுத்துவிடலாம் என்றார். நான் விடவில்லை. ஈரத்தில் கடலையில் பிடிக்கிற அந்தப் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும், ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுசாகப் போகாது. மூன்றரை கிலோவைக் குழி தோண்டிப் புதைத்தோம். அந்தத் தடவை மிச்சத்தில் பாதி அந்தக் குழிக்குள் போயிற்று.

தேங்காய் எண்ணெய் கதை வேறு. 2025-ல் அதன் விலை ஏறின ஏற்றம் எல்லாருக்கும் தெரியும், இனியும் ஏறும் என்று பயந்து ஐந்து லிட்டர் கேன் வாங்கி வைத்தேன். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையும். எங்கள் ஊரில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் அது கல்தான். வாய் குறுகிய கேனில் உறைந்த எண்ணெயை எப்படி எடுப்பது? தினம் காலையில் சுடுதண்ணீர் அண்டாவுக்குள் கேனை இறக்கி வைத்து, ஒரு கரண்டி உருகுவதற்குள் பள்ளிக்கூட பஸ் வந்துவிடும். கடைசியில் கேனைக் கத்தியால் அறுத்து, வாயகன்ற பாட்டிலுக்கு மாற்றினோம். மலையில் தேங்காய் எண்ணெய் வாங்குவதாக இருந்தால் வாயகன்ற ஜாடியில் வாங்குங்கள், இல்லையென்றால் அரை லிட்டராக வாங்குங்கள்.

அப்புறம் டீத்தூள். இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. லிஸ்ட்டில் வழக்கம்போல எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே போனதில் டீத்தூள் இரண்டு கிலோ என்றும் எழுதிவிட்டேன். குன்னூரில் ஏலம் நடந்து கீழே போகிற டீத்தூளைத் திரும்ப மேட்டுப்பாளையத்திலிருந்து நாற்பது ரூபாய் வண்டிக்கூலி கொடுத்து மேலே ஏற்றினவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதுவும் பெருங்காயத்தோடு ஒரே பையில் வந்தது. டீ எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். ஒரு மாதம் ரசம் மாதிரி டீ குடித்தோம், விருந்தாளிக்குக் கொடுக்கிறபோது மட்டும் பக்கத்து வீட்டில் கடன் வாங்கினோம்.

கரடி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது நீலகிரிக்காரர்களுக்கு மட்டும் பொருந்துகிற எச்சரிக்கை, வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்குள் இடம் போதவில்லை என்று எண்ணெய் டின்னையும் வெல்லத்தையும் பின்பக்கத் தகரக் கொட்டகையில் வைத்திருந்தோம். நம் பக்கம் ரேஷன் கடைக் கதவையும் கோயில் கதவையும் உடைத்து எண்ணெய் குடிக்கிற கரடிகளைப் பற்றி வாரத்துக்கு ஒரு செய்தி படிக்கிறோம், ஆனாலும் நம் வீட்டுக்கு வரும் என்று தோன்றாதே. செப்டம்பரில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்குத் தகரம் கிழிகிற சத்தம். விளக்கைப் போட்டோம், யாரும் வெளியே போகவில்லை, ஜன்னல் வழியாகப் பார்த்தால் கறுப்பாக ஒன்று உட்கார்ந்து ஆறு கிலோ வெல்லத்தையும் ஒவ்வோர் உருண்டையாகத் தின்றுகொண்டிருந்தது. அவசரமே இல்லை அதற்கு. டின்னை உருட்டிவிட்டதில் மூடி பிதுங்கி, பாதிக்கு மேல் எண்ணெய் மண்ணுக்குப் போயிற்று. காலையில் பார்த்தால் கதவில் நகக்கீறல், மண்ணில் எண்ணெய்க் காலடி. எண்ணெய், வெல்லம், நெய் மூன்றையும் வெளிக் கொட்டகையில் வைக்கவே கூடாது. இப்போது எண்ணெய் டின் எங்கள் படுக்கையறையில் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பெரியவனுக்கு அதில் ஒரே சிரிப்பு.

அந்த நஷ்டத்துக்குப் பிறகுதான் கூட்டு சேர்ந்தோம். மூன்று வீடு சேர்ந்து ஒரு டின், ஒரு சர்க்கரை மூட்டை என்று வாங்குகிறோம். சர்க்கரை 50 கிலோ மூட்டையாக எடுத்தால் கிலோவுக்கு இன்னும் ஒரு ரூபாய், ஒன்றரை ரூபாய் குறைகிறது, வீட்டில் தேங்குகிற சரக்கும் குறைவு, கெட்டுப்போக நேரமே இல்லை. சண்டையும் இல்லாமல் இல்லை. எண்ணெய் பிரிக்கும்போது அடி மண்டி யாருக்கு என்பதில் முதல் மாதமே முகம் சுளித்தார்கள். இப்போது முறை வைத்திருக்கிறோம், இந்த மாதம் அடி மண்டி எங்களுக்கு என்றால் அடுத்த மாதம் எதிர் வீட்டுக்கு. ஒரு நல்ல எலக்ட்ரானிக் தராசு வாங்கிக்கொள்ளுங்கள், சொந்தக்காரர்களோடு கூட்டு என்றால் கட்டாயம் வாங்குங்கள்.

சோப்பு, பற்பசை போன்ற பெட்டிச் சாமான்களில் மொத்தக் கடைக்கு என் மார்க் ஐந்துதான். விலை வித்தியாசம் மிகக் குறைவு. போதாததற்கு ஆகஸ்டில் இரண்டு டஜன் குளியல் சோப்பு 960 ரூபாய்க்கு வாங்கி வைத்தேன், பெட்டியாக எடுத்ததில் ஐம்பது ரூபாய் லாபம் என்று பெருமையாக இருந்தது. செப்டம்பர் 22-ம் தேதி ஜிஎஸ்டியை மாற்றினார்களே, குளியல் சோப்புக்கு 18 சதவீதம் 5 ஆகிவிட்டது. ஒரு மாதம் பொறுத்திருந்தால் நூறு ரூபாய்க்கு மேல் குறைந்திருக்கும். சோப்பைத் தேய்க்கும்போதெல்லாம் வீட்டுக்காரர் ஞாபகப்படுத்தினார். வெலிங்டனில் பட்டாளத்துக் கேன்டீன் கார்டு வைத்திருக்கிறவர்களுக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது, அவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

ரேஷனில் கிடைப்பதை வாங்காமல் மண்டிக்கு ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள், எனக்கு அது புரியவில்லை. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை 25. எந்த மொத்தக் கடை அந்த விலைக்குக் கொடுக்கும்? புழுங்கல் அரிசி இலவசம், இட்லி மாவுக்கு நாங்கள் அதைத்தான் போடுகிறோம், கொஞ்சம் பொறுக்கிக் கழுவினால் இட்லி மெத்தென்று வரும். அந்த மாத ரேஷன் கைக்கு வந்த பிறகுதான் கீழே அனுப்ப வேண்டிய லிஸ்ட்டை எழுதுவேன்.

கடையைப் பற்றி என் பெரிய மனக்குறை அக்டோபர் பருப்புதான். லிஸ்ட் அனுப்பி வாங்குவதில் உள்ள கஷ்டம் அது, அத்தையின் கை மூட்டைக்குள் போகாது. வந்த ஐந்து கிலோவும் வேகவே இல்லை. நாலு விசிலில் வெந்துகொண்டிருந்தது எட்டு விசிலாகியும் கல் கல்லாக நின்றது. போன் செய்தேன். "உங்க ஊர்த் தண்ணி அப்படிங்க அக்கா, மலையில வேகாதுங்க" என்றார் தம்பி. அதில் பாதி உண்மைதான், ஆறாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் எங்களுக்குப் பருப்பு சீக்கிரம் வேகாது. ஆனால் குக்கர் வைத்திருக்கிறோம், தம்பி. போன மாதப் பருப்பும் இதே மலையில்தானே வெந்தது. பழைய சரக்கைப் புதுசோடு கலந்து போட்டிருக்கிறார்கள், பழசாகிப் போன பருப்பு வேகாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள், அதற்கு வண்டிக்கூலி யார் கொடுப்பது என்று என்னையே கேட்டார்கள். ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். அடுத்த லிஸ்ட்டில் சொல்லாமலே அரை கிலோ பருப்பு கூட வந்திருந்தது. அதை மன்னிப்பாக எடுத்துக்கொண்டேன். இப்போது லிஸ்ட் அனுப்பினால் முதலில் ஒரு கைப்பிடி மாதிரியை ரிட்டன் வண்டியிலேயே கொடுத்தனுப்பச் சொல்கிறேன், வேகவைத்துப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் பணம் போடுகிறேன். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் செய்கிறார்கள்.

நான் எதிர்பார்க்காத இன்னொரு இடைஞ்சல் எங்கள் முக்கு அண்ணாச்சி கடை. பதினோரு வருஷமாக அங்கே நோட்டுப் போட்டு வாங்குகிறோம். எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது, பச்சைத் தேயிலைக்குப் பணம் வருகிறபோதுதான் கடனைக் கட்டுவோம், ஒரு மாதம் தள்ளிப் போனாலும் அவர் முகம் மாறியதில்லை. மொத்தக் கடையில் 9,000 ரூபாயை முன்பணமாகப் போட வேண்டியிருக்கிறது, அந்தப் பணம் கையில் இருக்கிற மாதம்தான் மிச்சம் எல்லாம். நகையை வைத்துச் சரக்கு எடுத்தால் மாதம் 450 ரூபாய் மிச்சம் வட்டிக்குப் போய்விடும். முதல் இரண்டு மாதம் அண்ணாச்சி கடைப் பக்கம் போகவே கூச்சமாக இருந்தது, ஆட்டோவில் அரிசி மூட்டையோடு அவர் கடையைத் தாண்டித்தானே வர வேண்டும், நான் வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வேன். நவம்பர் மழையில் மண் சரிந்து ரோடு அடைத்து ரிட்டன் வண்டி ஐந்து நாள் வரவில்லை. அண்ணாச்சி கடையில்தான் போய் நின்றேன். எதுவும் கேட்காமல் நோட்டை எடுத்து எழுதினார். கொடுக்கும்போது, "அங்கன பருப்பு என்ன வெல போடுதாங்க?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எனக்கு ரெண்டு ரூவா கூடத்தான் போடுதான்" என்றார். அவருக்கும் அதே தெருவிலிருந்துதான் வருகிறதாம், அதே மாதிரி ரிட்டன் வண்டியில்.

அதனால் இப்போது எங்கள் ஏற்பாடு இப்படி. அரிசி, கடலை எண்ணெய், துவரம் பருப்பு, உளுந்து, மிளகாய் மல்லி, கூட்டில் எடுக்கிற சர்க்கரை, இவ்வளவுதான் கீழேயிருந்து. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகையில் மட்டும் ஒரு மாதச் சரக்கு, அதோடு ரோடு அடைத்தால் சமாளிக்க ஒரு வார அரிசி கூடுதலாக. மற்ற எல்லாம் அண்ணாச்சி கடையில். காய்கறி, பழம் எதையும் மொத்தமாக வாங்குவதில்லை, நம் மலையில் கேத்தியில் விளைகிற கேரட்டை மேட்டுப்பாளையத்தில் விலை பேசி வாங்குகிற கூத்துக்கு நாங்கள் தயாரில்லை. எட்டு மாதத்தில் கடலை, எண்ணெய், ரவை, வெல்லம், தகரக் கதவு எல்லாம் கழித்து, கையில் நின்றது ஆயிரத்து முந்நூறு ரூபாய்ச் சொச்சம். முதல் ஐந்து மாதத்தில் பூஜ்யம், மீதி மூன்று மாதத்தில்தான் அந்தக் காசு.

புளி மட்டும் இன்னும் வாங்கவில்லை. எங்கள் வீட்டில் அது வருஷத்துக்கு ஒரு தடவைதான், மாசி பங்குனியில் புதுப் புளி வந்ததும் கொட்டை எடுத்து, உப்புப் போட்டு ஜாடியில் அமுக்கி வைத்துவிட்டால் அடுத்த மாசி வரை கவலை இல்லை, இந்த ஈரத்துக்கும் அது அசையாது. கடைத் தம்பி நேற்று வாட்சப்பில் புளி மூட்டையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார், கிலோ 150 என்கிறார். அத்தை போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நிறம் பத்தாது, இன்னும் பதினைஞ்சு நாள் போகட்டும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.